கூற்றும் குரலும்: ஜேன் ஆஸ்டினின் புதினங்களும் தமிழ் மொழிபெயர்ப்பாளரும்

1813ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' புதினத்தின் அச்சுப் படி ஒன்று இலண்டனிலிருந்து ஹாம்ப்ஷயரிலுள்ள சாட்டன் என்னும் சிற்றூருக்கு வந்து சேர்ந்தது. முகப்பில் ஆசிரியர் பெயர் இல்லை. அதை எழுதிய முப்பத்தேழு வயதுப் பெண்மணி, படியைப் பார்த்த பின் தம் தமக்கை கசாண்ட்ராவுக்கு வரைந்த மடலில் ஒரு குறையை ஒப்புக்கொள்கிறார். உரையாடல்களில் ஆங்காங்கே 'அவன் சொன்னான்', 'அவள் சொன்னாள்' என்று சேர்த்திருந்தால் பேசுபவர் யார் என்பது உடனே விளங்கியிருக்கும் என்பதே அக்குறை. ஆனால் கூர்மதி இல்லாதாருக்காகத் தாம் எழுதவில்லை என்று உடனேயே அதைத் தள்ளியும் விடுகிறார். சில நாள் கழித்து எழுதிய மடலில் வேறொரு மனத்தாங்கல் காணப்படுகிறது. தாயார் அந்நூலை வீட்டில் உரக்கப் படித்தாராம். கதைமாந்தரை அவர் நன்கு அறிந்திருந்தும் அவரவர் பேச வேண்டிய முறையில் பேசிக்காட்ட அவரால் இயலவில்லை. மிக விரைந்து படித்துச் செல்கிறார். மூன்றாம் தொகுதியில் இருவர் கூற்றுகள் ஒன்றாக அச்சாகிவிட்ட பிழையையும் அம்மடல் சுட்டுகிறது.

நூல் வெளிவந்த நாள்களில் ஓர் ஆசிரியரை உறுத்தியவை இவை: பேசுபவர் யார் என்பது தெரிகிறதா? அவருடைய குரல் கேட்கிறதா? ஜேன் ஆஸ்டினைப் பற்றிய திறனாய்வுகள் பெரும்பாலும் திருமணம், சொத்து, சமூகப் படிநிலை, பெண்ணின் நிலை ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன. அவை பயனற்றவை அல்ல. ஆயினும் அவருடைய கலையின் உயிர்நிலை ஓர் இலக்கணக் கூறில் இருக்கிறது. அதனைத் தவறவிட்ட மொழிபெயர்ப்பு கதையைக் கொண்டுவரும், ஆஸ்டினைக் கொண்டுவராது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' திரைப்படம் இதற்கு அண்மைச் சான்று. 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' புதினத்தின் எலினாரும் மரியானும் அதில் சௌம்யாவாகவும் மீனாட்சியாகவும் செட்டிநாட்டு மண்ணில் இயல்பாகவே நடமாடினர். கதை பெயர்ந்து வந்தது. கதை சொல்பவரின் குரலுக்குத் திரைப்படத்தில் இடமில்லை. அதை இழப்பு என்று யாரும் எண்ணவும் இல்லை. நூலை மொழிபெயர்ப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அவருடைய சிக்கல் எங்கே தொடங்குகிறது, தமிழ் இலக்கணம் அதற்கு என்ன இடந்தருகிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

வாழ்வும் எழுத்தும்

ஜேன் ஆஸ்டின் 1775 டிசம்பர் 16 அன்று ஹாம்ப்ஷயரின் ஸ்டீவன்டன் என்னும் ஊரில், அவ்வூர்த் திருச்சபைக் குருவான ஜார்ஜ் ஆஸ்டினின் எட்டு மக்களுள் ஏழாமவராகப் பிறந்தார். தந்தை மாணவர்களை வீட்டிலேயே தங்கவைத்துப் பாடம் சொன்னவர். நூல்களை உரக்கப் படிப்பதும் குடும்பத்தார் கூடி நாடகம் நடிப்பதும் அங்கு வழக்கம். பேச்சொலி ஓயாத வீடு எனலாம். ஆஸ்டினின் பள்ளிக் கல்வி இரு குறுகிய காலங்களோடு முடிந்தது. ஏறத்தாழப் பன்னிரண்டு வயது முதல் எழுதியவற்றை அவரே மூன்று குறிப்பேடுகளில் படியெடுத்து வைத்தார்.

அவற்றுள் 1792இல் எழுதிய 'கேத்தரின்' என்னும் முற்றுப்பெறாத கதை தமிழ்நாட்டாருக்குத் தனி ஆர்வம் ஊட்டக்கூடியது. அதில் ஆதரவற்ற ஒரு பெண் கணவன் தேடி வங்காளத்துக்குக் கப்பலேற்றப்படுகிறாள். இது வெறுங்கற்பனை அன்று. ஆஸ்டினின் அத்தை ஃபிலடெல்ஃபியா 1752இல் அவ்வாறே இந்தியாவுக்குப் புறப்பட்டு வந்து, மறு ஆண்டு கடலூரில், செயின்ட் டேவிட் கோட்டையின் மருத்துவரான ஹேன்காக்கை மணந்தார். அப்பெண்ணின் பயணம் நற்பேறா கொடுமையா என்று கதையில் இரு தோழியர் வாதிடுகின்றனர். ஒரே நிகழ்ச்சிக்கு இரு மதிப்பீடுகள். பதினாறு வயது ஆஸ்டின் அவற்றை இரு வாய்களில் நேர்கூற்றாக வைத்தார். பின்னாளில் அவ்விரண்டையும் ஒரே வாக்கியத்துக்குள் வைக்கக் கற்றுக்கொண்டார் என்பதே அவருடைய வளர்ச்சி வரலாறு.

இடைப்பட்ட நிலை கடிதம். ரிச்சர்ட்சன் வழிவந்த பதினெட்டாம் நூற்றாண்டுப் புதின மரபில் கடித வடிவம் செல்வாக்குற்றிருந்தது. 'லேடி சூசன்' அவ்வடிவில் அமைந்தது. 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யின் முதல் வடிவமும் கடிதங்களால் ஆனதே என்பது குடும்ப வழிச் செய்தி. கடிதப் புதினத்தில் ஒவ்வொரு குரலும் தனித்தனி உறைக்குள் இருக்கும். அடியில் கையொப்பம் இருக்கும். யார் சொன்னது என்ற ஐயத்திற்கே இடமில்லை. ஆஸ்டின் அவ்வுறைகளைக் கிழித்தார். ஆனால் கையொப்பங்களுக்கு ஈடாக எதையும் வைக்கவில்லை.

வெளியீட்டு வரலாறு நெடிய காத்திருப்பின் வரலாறு. 1797இல் தந்தை ஒரு பதிப்பாளருக்கு எழுதிக் கேட்டார். கைப்படியைப் பார்க்கவும் அவர் மறுத்துவிட்டார். 1803இல் 'சூசன்' என்னும் புதினம் பத்துப் பவுனுக்கு விற்கப்பட்டு அச்சேறாமலே கிடந்தது. 1816இல் அதே தொகைக்கு மீட்கப்பட்டது. அதுவே பின்னர் 'நார்தாங்கர் அபி' ஆயிற்று. 1801இல் குடும்பம் பாத் நகருக்குப் பெயர்ந்தது. 1805இல் தந்தை மறைந்தபின் தாயும் இரு மகள்களும் உடன்பிறந்தாரின் உதவியை எதிர்நோக்கி இடம் மாறிக்கொண்டிருந்தனர். 1809இல் தமையன் எட்வர்டு சாட்டனில் வீடு தந்தார். அதன் பின்னரே 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' (1811), 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' (1813), 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' (1814), 'எம்மா' (1815 இறுதி) ஆகியன வெளிவந்தன. முதல் நூல் 140 பவுன் ஈட்டித் தந்தது. இரண்டாவதன் உரிமையை 110 பவுனுக்கு விற்றுவிட்டதால் அதன் பெரும்புகழால் அவருக்கு வருவாய் ஏதும் கூடவில்லை. 1817 ஜூலை 18 அன்று வின்செஸ்டரில் நாற்பத்தோரு வயதில் இறந்தார். 'நார்தாங்கர் அபி'யும் 'பெர்சுவேஷ'னும் அவ்வாண்டு இறுதியில் வெளிவந்தன. அவருடைய கல்லறைக் கல்வெட்டு அவர் நூல் எழுதியவர் என்பதைக் குறிப்பிடவே இல்லை.

மொழிபெயர்ப்பாளர் கருத வேண்டிய பாடச் சிக்கல் ஒன்றும் உண்டு. முற்றுப்பெற்ற ஆறு புதினங்களில் கையெழுத்தாக எஞ்சியிருப்பவை 'பெர்சுவேஷன்' புதினத்தில் ஆசிரியர் விலக்கிவிட்ட இயல்கள் மட்டுமே. அவற்றையும் முற்றுப்பெறாத பிற எழுத்துகளையும் கேத்தரின் சதர்லேண்ட் 2010இல் மின்வடிவில் தொகுத்தளித்தார். அக்கையெழுத்தில் கோடுகள் மிகுதி. முற்றுப்புள்ளியும் மேற்கோள் குறியும் அச்சுநூலில் உள்ள ஒழுங்கில் இல்லை. எனவே அச்சுநூலின் நிறுத்தக்குறிகளை ஆசிரியரின் கட்டளையாகக் கொள்வது பாதுகாப்பானது அன்று. எங்கே ஒரு குரல் முடிகிறது என்பதைக் குறிகள் அல்ல, தொடரமைப்பே காட்ட வேண்டும்.

கட்டற்ற அயற்கூற்று

மேலே 'ஓர் இலக்கணக் கூறு' எனப்பட்டது மொழியியலார் நன்கறிந்ததே. பிரெஞ்சு மொழியை முன்வைத்துச் சார்லஸ் பாலி 1912இல் அதற்குப் பெயரிட்டார். யெஸ்பெர்சன் 1924இல் வேறு பெயரால் விளக்கினார். தமிழில் அதனைக் 'கட்டற்ற அயற்கூற்று' எனலாம். 'நினைத்தாள்', 'சொன்னான்' போன்ற ஆளும் வினை இராது. படர்க்கைப் பெயரும் இறந்தகாலமும் கதைசொல்பவருடையவை. 'இப்போது', 'நாளை' போன்ற சொற்களும் வியப்பும் வினாவும் அழுத்தமும் பாத்திரத்தினுடையவை. ஆஸ்டினுக்கு முன் ஃபேனி பர்னி போன்றோரிடம் இது அங்கொன்றும் இங்கொன்றுமாக உண்டு. ஒரு புதினம் முழுவதையும் தாங்கும் தூணாக ஆங்கிலத்தில் இதை முதலில் ஆக்கியவர் ஆஸ்டின் என்பது பெரும்பாலோர் கருத்து.

ராய் பாஸ்கல் 1977இல் இதனை இரட்டைக் குரல் என்றார். ஆன் பேன்ஃபீல்டு 1982இல் அதை மறுத்து, இவ்வாக்கியங்கள் எவர் வாயிலும் பிறக்க இயலாதவை, இவற்றில் ஒலிப்பது ஒரே உணர்வு நிலை என்று வாதிட்டார். பேன்ஃபீல்டின் தொடரியல் வாதம் வலிமையானது. ஆனால் ஆஸ்டினைப் படிப்பவரின் காதுக்குப் பாஸ்கல் கூறியதே கேட்கிறது. 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'யின் முதல் இயலில் ஜான் டாஷ்வுட் தம் மாற்றாந்தாயின் மகளிர் மூவருக்கும் மூவாயிரம் பவுன் கொடுப்பதென உள்ளுக்குள் முடிவு செய்கிறார். அவருடைய மகிழ்ச்சி படர்க்கையிலும், விந்தையாக, மேற்கோள் குறிகளுக்குள்ளும் வருகிறது. சொற்கள் அவருடையவை. அவற்றைச் சற்று உயர்த்திப் பிடித்துக் காட்டும் கை வேறொருவருடையது. அடுத்த இயலில் அவருடைய மனைவி பேசப் பேச அத்தொகை பாதியாகி, ஆண்டுத் தொகையாகி, எப்போதாவது தரும் ஐம்பது பவுனாகி, இறுதியில் மீனும் வேட்டைக் கறியும் அனுப்பும் அண்டை வீட்டு உதவியாகக் குறுகுகிறது. இரண்டாம் இயலின் நேர்கூற்று நகைச்சுவையை எந்த மொழியிலும் பெயர்க்கலாம். முதல் இயலின் அந்த ஒரு பத்தியே கடினம்.

பிரெஞ்சு மொழி இவ்வமைப்பைத் தன்னகத்தே கொண்டது. எனினும் 1815இல் இசபெல் த மோந்தொலியே வெளியிட்ட 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' பெயர்ப்பு, தான் தடையின்றிப் பெயர்க்கப்பட்டது என்று முகப்பிலேயே அறிவித்துக்கொண்டது. மொழியில் வாய்ப்பு இருப்பது வேறு, மொழிபெயர்ப்பாளர் அதைக் காண்பது வேறு.

'என்று' என்னும் வேலி

தமிழில் பிறர் கூற்றை உணர்த்தப் பொதுவாக இரு வழிகள் உண்டு. ஒன்று 'என்று', மற்றொன்று '-ஆக' ஏற்ற தொழிற்பெயர். 'தோற்றுவிட்டேன் என்று எண்ணினாள்', 'தான் தோற்றுவிட்டதாக எண்ணினாள்' என்பவை எடுத்துக்காட்டு. இரண்டுமே இறுதியில் ஓர் ஆளும் வினையை வேண்டி நிற்பவை. கூற்றுக்கு உரியவரைப் பெயர் சுட்டி நிறுத்துவது நம் இலக்கிய மரபிலும் ஊறியதே. அகப்பாட்டு ஒன்றைத் 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்று துறைக்குறிப்பு இல்லாமல் படிக்க நாம் பழகவில்லை. ஆகவே ஆஸ்டின் வேண்டுமென்றே விட்டுவிட்ட 'என்று நினைத்தாள்' என்பதைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் சேர்க்க விரும்புவதில் வியப்பில்லை. தெளிவுக்காகச் சேர்த்தேன் என்பார். அத்தெளிவின் விலை என்ன என்பதே வினா.

விலையை 'எம்மா'வில் கணக்கிடலாம். பின்வரும் தொடர்கள் இக்கட்டுரைக்காக அமைத்தவை. புதினத்தின் வரிகளின் பெயர்ப்பு அல்ல.

(1) எல்டன் ஹாரியட்டைக் காதலிக்கிறார் என்று எம்மா நினைத்தாள்.
(2) எல்டன் ஹாரியட்டைக் காதலித்தார்.
(3) எல்டன் ஹாரியட்டைக் காதலிக்கிறார்தான். இல்லாவிட்டால் அந்தப் பார்வைக்கு வேறென்ன பொருள்?

முதல் தொடர் எம்மாவின் எண்ணத்தை வேலி கட்டிப் பிரித்துவிடுகிறது. 'நினைத்தாள்' என்றவுடன், உண்மை வேறாக இருக்கலாம் என்ற எச்சரிக்கை படிப்பவருக்குக் கிடைத்துவிடுகிறது. இரண்டாவது ஆங்கிலத்தின் இறந்தகாலத்தை அப்படியே ஏற்றது. ஆங்கிலத்தில் அக்காலம் அயற்கூற்றில் நிகழும் காலப் பின்னடைவின் அடையாளம். தமிழ் அயற்கூற்றில் காலம் பின்னடைவதில்லை. ஆகவே தமிழில் அது கதைசொல்பவர் தரும் உறுதிமொழியாகிவிடுகிறது. எல்டன் காதலிப்பது எம்மாவைத்தான் என்பது பின்னர்த் தெரியவரும்போது ஆசிரியரே பொய் சொன்னவராகிறார். மூன்றாவதில் ஆளும் வினை இல்லை; '-தான்' என்னும் இடைச்சொல்லும் வினாவும் உறுதி யாருடையது என்பதைச் சொல்லாமல் சொல்லிவிடுகின்றன.

இதை வெறும் நடைநயம் என்று ஒதுக்க இயலாது. கதைப்பின்னலே இதில் தொங்குகிறது. 'எம்மா' புதினத்தில் படிப்பவர் எம்மாவோடு சேர்ந்து ஏமாற வேண்டும். எல்டன் செய்தி சிறியது. ஃபிராங்க் சர்ச்சில், ஜேன் ஃபேர்ஃபாக்ஸ் இருவரின் மறைவான மண ஒப்பந்தம் நூலின் பெரும்பகுதி கண்முன்னே கிடந்தும் முதல் வாசிப்பில் தெரிவதில்லை. மறுவாசிப்பில்தான் கதைசொல்பவர் எங்கும் பொய் சொல்லவில்லை என்பது விளங்குகிறது. ஒவ்வொரு பத்தியிலும் 'என்று எம்மா எண்ணினாள்' எனச் சேர்க்கும் மொழிபெயர்ப்பு, முதல் வாசிப்பிலேயே மறுவாசிப்பைத் திணித்துவிடும்.

அப்படியானால் தமிழில் வழி இல்லையா? உண்டு. ஆனால் அதை ஆங்கிலம் வைத்த இடத்தில், அதாவது காலத்திலும் படர்க்கைப் பெயரிலும், தேடினால் கிடைக்காது. தமிழின் வினைமுற்று இடங்காட்டும் விகுதி ஏற்பது. 'செய்தேன்', 'செய்தாள்' என்பவற்றுக்கு இடையே நடுவிடம் இல்லை. ஆனால் பேசுபவரின் இடத்தைக் காட்டாத பயனிலைகள் தமிழில் ஏராளம்: வேண்டும், வேண்டாம், கூடாது, முடியாது, போதும், '-லாம்' ஈறு, 'எப்படிச் செய்வது' போன்ற வினாக்கள். பெயர்ப் பயனிலைத் தொடர்களில் காலமும் இல்லை.

(4) இனி ஹாரியட்டின் முகத்தில் எப்படி விழிப்பது? நாளைக்கே சொல்லியாக வேண்டும். இதில் தலையிட்டிருக்கவே கூடாது. எல்லாம் வீண் பெருமை.

இதில் 'நான்' இல்லை, 'அவள்' இல்லை, ஆளும் வினையும் இல்லை. இது எம்மா தனக்குள் சொல்லிக்கொள்வதாகவும் கொள்ளலாம், எம்மாவைப் பற்றிச் சொல்லப்படுவதாகவும் கொள்ளலாம். ஆங்கிலத்தில் இத்தகைய வாக்கியத்துக்கு எழுவாய் ஒன்று பெரும்பாலும் வேண்டும். அதனால் படர்க்கைப் பெயர் அங்கே வெளிப்பட்டே தீரும். இவ்விடத்தில் தமிழ் ஆங்கிலத்தைவிட வசதியானது எனத் துணிந்து கூறலாம். புதுமைப்பித்தன், மௌனி, தி. ஜானகிராமன் போன்றோரின் உரைநடையில் பழகிய எவருக்கும் இத்தொடர்கள் புதியன அல்ல. மொழிபெயர்க்க உட்காரும்போது மட்டும் நாம் அவற்றை மறந்துவிடுகிறோம்.

எதிர்த்திசைத் தவறு ஒன்றும் உண்டு. கேள்விச் செய்தியைக் குறிக்கும் '-ஆம்' தமிழுக்கே உரிய கூரிய கருவி. 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' தொடங்குவது, செல்வமுள்ள மணமாகாத ஆடவனைப் பற்றி அக்கம்பக்கத்தார் கொண்டுள்ள நம்பிக்கையை உலகப் பொது உண்மைபோல் அறிவித்து. அங்கே '-ஆம்' சேர்க்க எவருக்கும் கை துறுதுறுக்கும். சேர்த்தால் நகைச்சுவை கெட்டுவிடும். ஆஸ்டின் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்கிறார். '-ஆம்' என்பது சொல்லும்போதே கண்சிமிட்டுவது. அத்தொடரை ஓர் இலக்கண நூற்பாவின் விறைப்போடு, 'என்பது யாவரும் அறிந்தது' என்பது போன்ற முடிவோடு நிறுத்துவதே தக்கது. ஊராரின் ஆசை அங்கே உண்மையின் உடையை அணிந்து வர வேண்டும்.

மிஸ் பேட்ஸும் மரியாதை விகுதியும்

ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சுமையைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வினையிலும் சுமக்க வேண்டியுள்ளது. அவனா, அவரா? அவளா, அவரா? பொதுவாக இது நூலின் தொடக்கத்தில் ஒருமுறை முடிவு செய்யப்பட்டுக் கடைசிவரை மாறாமல் பின்பற்றப்படும். பதிப்பாசிரியர்கள் அத்தகைய சீர்மையைப் பாராட்டவும் செய்வர். ஆஸ்டினைப் பொறுத்தவரை அச்சீர்மை தவறு என்றே கூறத் தோன்றுகிறது. மரியாதை விகுதி, யாருடைய பார்வை என்பதைக் காட்டும் குறி ஆகக்கூடியது.

மிஸ் பேட்ஸ் நடுவயது கடந்த, மணமாகாத, வறுமைப்பட்ட பெண்மணி. முன்னாள் குருவின் மகள். ஓயாது பேசுபவர், நன்றியுணர்வே வடிவானவர். இருபத்தொரு வயது எம்மாவுக்கு அவர் ஒரு சலிப்பு. பாக்ஸ் குன்றில் நடக்கும் சிற்றுலாவில், ஆளுக்கொரு அறிவார்ந்த செய்தி, அல்லது இரண்டு நடுத்தரமானவை, அல்லது மூன்று மந்தமானவை சொல்ல வேண்டும் என்று ஃபிராங்க் சர்ச்சில் விளையாட்டாகக் கேட்கிறார். மூன்று மந்தமானவை தமக்கு எளிது என்று மிஸ் பேட்ஸ் தம்மைத் தாமே எள்ளிக்கொள்கிறார். ஒரே நேரத்தில் மூன்றோடு நிறுத்துவதுதான் உங்களுக்குக் கடினம் என்ற கருத்துப்பட எம்மா குத்திவிடுகிறாள். நைட்லி பின்னர் அவளைத் தனியே கண்டிக்கும்போது வைக்கும் வாதம் முழுவதும் படிநிலை பற்றியது: அவர் ஏழை, பிறந்த நிலையிலிருந்து தாழ்ந்தவர், எம்மா குழந்தையாயிருந்தபோது அவர் நின்று பேசினாலே பெருமை என்றிருந்த காலம் ஒன்று உண்டு.

இதைத் தமிழில் தர வேண்டுமானால், கதைசொல்பவரின் சொந்தக் குரலில் மிஸ் பேட்ஸ் தொடக்கம் முதலே 'பேசினார்', 'வந்தார்' என்று இருத்தல் வேண்டும். எம்மாவின் எண்ணத்துக்குள் நழுவும் இடங்களில் மட்டும், எந்த அறிவிப்பும் இன்றி, 'வந்துவிட்டாள்', 'இனி ஓயமாட்டாள்' என விகுதி சரிய வேண்டும். நேரில் பேசும்போது எம்மாவும் 'நீங்கள்' என்றே பேசுவாள். அவள் குற்றம் வாய்ச்சொல்லில் வெளிப்படுமுன் நெடுநாள் விகுதியில் மறைந்து கிடந்திருக்கும். பாக்ஸ் குன்றுக்கு மறுநாள் காலை அவள் வருந்தி அவ்வீட்டுக்கு நடந்து செல்லும் பத்தியில், அவளுடைய எண்ணத்திலேயே முதன்முறையாக 'அவர்' வர வேண்டும். மூலத்தில் இதற்கு நேரான சொல் ஏதும் இல்லை. மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பதாகாதா எனக் கேட்கலாம். தமிழில் விகுதியைத் தவிர்க்க முடியாது என்பதே விடை. எந்த விகுதியை இட்டாலும் அது ஒருவருடைய மதிப்பீடாகவே நிற்கும்; அது யாருடையது என்பதையாவது மொழிபெயர்ப்பாளர் அறிந்து இடலாம்.

விளிச்சொற்களில் எச்சரிக்கை தேவை. மணம் உறுதியான பின்னும் எம்மா 'மிஸ்டர் நைட்லி' என்றே அழைக்கிறாள்; முதற்பெயரைத் திருமண நாளில் ஒருமுறை சொல்வதாக வாக்களிக்கிறாள். கணவன் பெயர் சொல்லாத நம் பழைய வழக்கத்தோடு இதை இணைத்து மகிழ்வது எளிது, ஆனால் பிழை. இது விலக்கன்று, நெருக்கத்தின் விளையாட்டு. திருமதி எல்டன் வந்த சில நாள்களிலேயே வெறும் 'நைட்லி' என்று குறிப்பிடுவதும் எம்மா அதில் கொதிப்பதும் வேறு வகை. 'திரு'வை நீக்குவதால் தமிழில் எவரும் அதிர்வதில்லை. 'அவன்' என்றாலோ அளவு மிஞ்சிவிடும். 'நம்ம நைட்லி' என்னும் உரிமைத் தொனி ஓரளவு பொருந்தலாம்.

அதே திருமதி எல்டன் டான்வெல் தோட்டத்தில் ஸ்ட்ராபெரிப் பழம் பறிக்கும் பத்தி தனியே நோக்கத்தக்கது. அரை மணி நேரப் பேச்சு, இணைப்புச் சொற்களும் வினைமுற்றுகளும் பெரும்பாலும் உதிர்ந்து, துண்டு துண்டாகக் கொட்டப்படுகிறது. இங்கிலாந்திலேயே சிறந்த பழம் என்ற புகழ்ச்சியில் தொடங்குகிறது. வெயில் ஏற ஏற, முதுகு வளைய வளைய, களைப்பும் நிழல் தேடலுமாக முடிகிறது. கூற்றின் வரம்பு நீங்கிய இடத்தில் காலமே சுருங்குகிறது. பெயர்த் தொடர்களை அடுக்கிச் செல்வதில் தமிழுக்குத் தடையே இல்லை. இப்பத்தியைத் தமிழில் வாக்கியங்களாக நிரப்பி 'ஒழுங்குபடுத்துவது' மட்டுமே இதற்கு நேரக்கூடிய கேடு.

சிறு சொற்களின் வலிமையை வேறொரு வழியில் ஜே. எஃப். பர்ரோஸ் 1987இல் காட்டினார். ஆஸ்டினின் கதைமாந்தர் ஒவ்வொருவரும் மிகச் சாதாரணமான இணைப்புச் சொற்களையும் பதிலிப் பெயர்களையும் கையாளும் அளவிலேயே ஒருவரிலிருந்து ஒருவர் வேறுபடுவதை அவர் கணினி கொண்டு எண்ணி நிறுவினார். தமிழில் அச்சுமையை ஏ, ஓ, தான், கூட, ஆவது ஆகிய இடைச்சொற்களே தாங்க வேண்டியிருக்கும். திருமதி எல்டனுக்கு ஏகாரமும் மிஸ் பேட்ஸுக்கு 'கூட'வும் நைட்லிக்கு இவற்றின் இன்மையும் என்று பங்கிட்டுப் பார்ப்பது பயனுள்ள பயிற்சியாகும்.

'பெர்சுவேஷன்' இவ்வுத்தியின் முதிர்ந்த நிலை. 'எம்மா'வில் குரல்கள் பிழைபடுத்துகின்றன. இங்கே அவை நடுங்குகின்றன. எட்டாண்டுப் பிரிவுக்குப் பின் வென்ட்வொர்த் அறைக்குள் நுழைந்து நீங்கும் சில நொடிகளை, இருபத்தேழு வயது ஆனின் பாதி கேட்ட காதும் பாதி பார்த்த கண்ணுமாகவே ஆசிரியர் தருகிறார். 1816இல் முதலில் எழுதிய முடிவில் இருவரும் ஒரு செய்தி சொல்லும் பணியால் தற்செயலாகத் தனித்து விடப்பட்டு ஒன்றுசேர்கின்றனர். ஆஸ்டின் அதில் நிறைவு கொள்ளாமல் விலக்கினார். திருத்திய வடிவில் ஆன் வேறொருவரோடு, ஆணின் அன்பும் பெண்ணின் அன்பும் எவ்வளவு காலம் நிலைக்கும் என்று பேசிக்கொண்டிருக்கிறாள். அதே அறையில் எழுதிக்கொண்டிருக்கும் வென்ட்வொர்த் அதைக் கேட்டுக் கடிதம் வரைந்து வைத்துப் போகிறான். தனக்கெனச் சொல்லப்படாத கூற்றைத் தனக்குரியதாகக் கேட்கத் தெரிந்தவனுக்கே அவள் கிடைக்கிறாள். உறைகளைக் கிழித்துத் தொடங்கிய ஆசிரியர் கடைசியில் ஓர் உறையிட்ட கடிதத்துக்கே திரும்பியது எண்ணத்தக்கது. அக்கடிதம் தெளிவான தன்மைக் கூற்று. மொழிபெயர்ப்பில் எந்த இடரும் தராதது. அதுவரை நூலெங்கும் தன்மை இடம் எத்துணை அடக்கி வைக்கப்பட்டிருந்ததோ அத்துணைக்கு அக்கடிதம் தமிழில் ஒலிக்கும்.

'-ஆம்' பற்றி ஒரு குறிப்பு எஞ்சியுள்ளது. 'எம்மா'வின் கடைசிப் பத்தியில் எம்மா, நைட்லி திருமணம் நடக்கிறது. திருமதி எல்டன் அங்கே இல்லை. கணவர் சொன்ன விவரங்களைக் கேட்டே, வெண்பட்டும் சரிகைத் திரையும் போதவில்லை, தம் திருமணத்துக்கு இது ஈடாகாது என்று தீர்ப்பளிக்கிறார். காணாத ஒன்றைக் கேட்டுச் சொல்லும் கூற்று அது. 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' புதினத்தின் முதல் வரியில் விலக்கப்பட வேண்டிய '-ஆம்', இங்கே ஒவ்வொரு வினையிலும் அச்சமின்றி வரலாம்.